பியர் ஆலையாக இருந்த வீட்டின் வரலாற்றைத் தேடுவது எப்படி

இங்கிலாந்தில் ஹாம்ப்ஷயர் மாவட்டத்து ஹார்ன்டீன் கிராமத்தில் குடியிருக்கிறேன். 1847இல் ரிச்சர்ட் கேல் இங்குள்ள ‘ஷிப் அண்ட் பெல்’ விடுதியை வாங்கினார். அதிலிருந்து வளர்ந்தது கேல்ஸ் பியர் ஆலை. 2005இல் லண்டனின் ஃபுல்லர்ஸ் நிறுவனம் அதை வாங்கியது; மறு ஆண்டே இங்கு பியர் காய்ச்சுவது நின்றுபோனது. இன்று அங்கே வீடுகள். உங்கள் வீடும் இப்படி ஆலையாக இருந்ததென்றால், நான் போன வழியைச் சொல்கிறேன்.

முதலில் தெருவில் நின்று கட்டடத்தை உச்சியிலிருந்து கீழ்நோக்கிப் படியுங்கள். அந்தக் காலத்து ஆலைகள் பல கோபுரம்போல் உயர்ந்து நிற்பது அழகுக்காக அல்ல. தண்ணீரையும் முளைகட்டிய பார்லியையும் ஒருமுறை மேலே ஏற்றிவிட்டால், மற்ற வேலை பெரும்பாலும் இறக்கத்திலேயே நடந்துவிடும். மேலே அரைத்த தானியம். அதன்கீழ் அது வெந்நீரில் ஊறும் தொட்டி. அப்புறம், கசப்பும் மணமும் தரும் ஹாப் பூவுடன் அந்தச் சாறு கொதிக்கும் செப்புக் கொப்பரை. பிறகு ஆறி, நொதித்து, தரைத்தளத்தில் பீப்பாய்க்குள் போகும். கூரையில் சாய்பலகைத் திறப்புகள் தெரிந்தால் அது நீராவி வெளியேறிய வழி. உங்கள் படுக்கையறை எந்தக் கட்டத்தில் இருந்தது என்பதை ஓரளவு ஊகித்துவிடலாம்.

அடுத்தது வரைபடம். ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் இணையதளத்தில், ஒரு மைலுக்கு 25 அங்குல அளவிலான பழைய வரைபடங்களை இலவசமாகப் பார்க்கலாம், இங்கிலாந்துக்கும் உண்டு. ஆலை, கிணறு, மால்ட் (முளைகட்டிய பார்லி) கொட்டகை போன்றவை பெரும்பாலும் குறித்திருக்கும்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பில்தான் நான் இரண்டு மாதம் தவித்தேன். ஹார்ன்டீன் என்று தேடினேன். ஆனால் ஊர் அப்போது கேதரிங்டன் திருச்சபை வட்டத்தில் அடங்கியிருந்தது. எனவே, உங்கள் ஊர் அன்று எந்த வட்டத்தில் இருந்தது என்பதை முதலில் உறுதிசெய்யுங்கள். 1841 முதல் 1921 வரையிலான ஏடுகளைப் பார்க்கலாம். 1931ஆம் ஆண்டு ஏடுகள் 1942இல் தீயில் அழிந்தன. 1941இல் போரினால் கணக்கெடுப்பே இல்லை. ஆலை முதலாளியோடு நிறுத்திவிடாதீர்கள். பீப்பாய் செய்தவர், குதிரைவண்டி ஓட்டியவர் பெயர்களையும் எழுதிக்கொள்ளுங்கள். அவர்களும் சேர்ந்ததுதான் அந்த வீட்டின் வரலாறு.

நிறுவனம் தொடங்கிய ஆண்டைக் கட்டடத்தின் வயதாக எண்ணிவிட வேண்டாம். கேல்ஸ் ஆலை 1869இல் எரிந்து, மறுபடியும் கட்டப்பட்டது.

உள்ளாட்சி மன்றத்தில் கட்டட அனுமதிக் கோப்பைக் கேளுங்கள். வீடுகளாக மாற்றுவதற்கு முன் எடுத்த தள வரைபடம் அதில் கிடைத்தால், அது பெரும் புதையல்.

கோப்புகள் காத்திருக்கும், ஆட்கள் காத்திருக்க மாட்டார்கள். எனவே ஆலையில் வேலை செய்த முதியவர்களை இந்த வாரமே போய்ப் பாருங்கள். எந்தெந்த நாளில் காய்ச்சினார்கள், அந்த வாசனை எந்தத் தெருவரை வந்தது, கடைசி நாளன்று யார் யார் இருந்தார்கள் என்று கேளுங்கள். அனுமதி பெற்றுக் கைபேசியில் பதிவுசெய்து, அன்று இரவே தேதியிட்டு எழுதிவையுங்கள்.