அலுமினிய வார்ப்புக்குப் பொட்டாசியம் டைட்டானியம் ஃப்ளூரைடு போடும் முறை

வியாசர்பாடி, மூலக்கடை பக்கம் சின்னப் பட்டறை போட்டு அலுமினியம் வார்க்கத் தொடங்கியிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். அடுப்பு மூட்டவும் மண் அச்சு கட்டவும் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

வார்த்த துண்டை உடைத்தால் உள்ளே மணிமணியாகப் பெரிதாகப் பளபளக்கிறதா? அப்படிப்பட்ட வார்ப்பில் விரிசல் விழுவது சுலபம். அந்த மணிகளைப் பொடிசாக்கத்தான் பொட்டாசியம் டைட்டானியம் ஃப்ளூரைடு என்ற இந்த வெள்ளை உப்புத் தூள்.

அளவு: இந்த உப்பின் எடையில் 20 சதவீதம்தான் டைட்டானியம். 10 கிலோ அலுமினியத்தில் 0.15 சதவீதம் வேண்டுமானால் 15 கிராம் டைட்டானியம், அதாவது 75 கிராம் உப்பு. எல்லாமே உலோகத்தில் சேராது, 85 கிராம் எடுங்கள். கண்ணளவு கூடவே கூடாது. கிராம் காட்டும் தராசு வாங்கிவிடுங்கள்.

ஈரம்: நம்ம ஊர்க் கடல் காற்றில் தூள் கட்டி தட்டிவிடும். ஈர உப்பு உருகிய உலோகத்துக்குள் போனால் வெடித்துச் சிதறும். தட்டில் பரப்பி 150 டிகிரியில் நன்றாகக் காயவையுங்கள். பழுக்கக் காய்ச்ச வேண்டாம், நச்சுப் புகை வரும்.

இப்போது முக்கியமான இடம். தூளை மேலே தூவினால் அது கசடின் மேலேயே கிடந்து புகையும். டைட்டானியமும் கசடோடு போய்விடும். முதலில் கசடை வழியுங்கள். தூளை அலுமினியத் தாளில் சின்னப் பொட்டலங்களாக மடித்து, உலோகம் 730 டிகிரியில் இருக்கும்போது ஒவ்வொன்றாக மூசையின் (உலோகம் உருக்கும் பாத்திரத்தின்) அடிவரை அமுக்கிப் பிடியுங்கள். உள்ளே குமுறுவது கைப்பிடியில் தெரியும். அது அடங்கும்வரை தூக்காதீர்கள். அங்கேதான் டைட்டானியமும் அலுமினியமும் சேர்ந்த டைட்டானியம் அலுமினைடு துகள்கள் உருவாகின்றன. உலோகம் உறையும்போது அவற்றைப் பற்றித்தான் புது மணிகள் முளைக்கும். அமுக்க கிராஃபைட் கருவிதான் நல்லது. வெறும் இரும்பு அலுமினியத்தில் கரைந்து வார்ப்பை நொறுங்க வைக்கும்.

அப்புறம் மெதுவாகக் கிளறி, கசடை எடுத்து, உடனே ஊற்றிவிடுங்கள். காக்க வைத்தால் துகள்கள் அடியில் தங்கிவிடும்.

ஃப்ளூரைடு புகை நுரையீரலை அரிக்கும். கதவைத் திறந்து, காற்று முதுகுப் பக்கமிருந்து வரும்படி நில்லுங்கள். அமிலப் புகைக்கான வடிகட்டி போட்ட முகமூடி அவசியம். துணி கட்டினால் போதாது. இந்த உப்பின் மேல் அமிலம் படவே கூடாது.

பின்சேர்க்கை: மெக்னீசியம் கலந்த அலுமினியத்துக்கும் போடலாமா என்று சிலர் கேட்டிருந்தார்கள். வேண்டாம். ஃப்ளூரைடு மெக்னீசியத்தைத் தின்றுவிடும். அதற்கு டைட்டானியம், போரான் கலந்த அலுமினியக் கம்பி கிடைக்கிறது, அதை வெட்டிப் போடுங்கள்.