அமாவாசையில் சேதுக்கரையில் 100 பேருக்குச் சோறு போட

மற்ற தானங்களுக்கு வாங்குபவரின் தகுதியைப் பார்க்கச் சொல்வார்கள். அன்னதானத்துக்குப் பசி ஒன்றே தகுதி. ஆகவே புண்ணியம் தேடுவோர் முதலில் கவனிக்க வேண்டியது, யாருக்கு எந்த நேரத்தில் பசிக்கிறது என்பதைத்தான். ஆடி, தை அமாவாசைகளில் ராமநாதபுரம் கடற்கரையிலுள்ள சேதுக்கரைக்கும் தேவிபட்டினத்துக்கும் வருகிறவர்கள் விடியுமுன் வந்திறங்கி, வெறும் வயிற்றோடு கடலில் முழுகித் தர்ப்பணம் கொடுக்கிறார்கள். காலை 8 மணிக்கு மேல் கண்ணை இருட்டும். மதியம் வடை பாயசத்தோடு இலை போட்டால், பசித்திருந்தவர்களில் பாதிப்பேர் பஸ் ஏறிப் போயிருப்பார்கள். ராமேஸ்வரம் போகும் சேது யாத்திரை வழியில், ராமநாதபுரத்தை ஆண்ட சேதுபதிகள் சத்திரங்கள் கட்டி வைத்ததும் இந்த வழிப்பசிக்காகத்தான்.

8 மணிக்குப் பரிமாற, 4 மணிக்கே அடுப்பு எரிய வேண்டும். சாம்பார் சாதம் போதும், அதை நன்றாகச் செய்யுங்கள். 100 பேருக்குப் பச்சரிசி 7 கிலோ, துவரம்பருப்பு இரண்டரை கிலோ, காய் 6 கிலோ, புளி அரை கிலோ, சாம்பார்ப் பொடி அரை கிலோ, நல்லெண்ணெய் 1 லிட்டர், நெய் அரை கிலோ, பெருங்காயம் 50 கிராம். தண்ணீர் 35 லிட்டர். அமாவாசை என்பதால் வெங்காயம், பூண்டு வேண்டாம். வாழைக்காய், மஞ்சள் பூசணி, அவரை, சேனை போடலாம். தேங்காய் சேர்க்காதீர்கள். வெயிலில் முதலில் ஊசிப்போவது அதுதான்.

இந்தக் கரையில் சமையல் கெடுவது பெரும்பாலும் தண்ணீரால். ஊற்றுத் தண்ணீரும் போர் தண்ணீரும் பல இடங்களில் உவர்ப்பு. அதில் பருப்பு எத்தனை நேரம் கொதித்தாலும் குழையாது, சோறும் கரிக்கும். குடிதண்ணீரை முதல் நாளே டிரம்மில் பிடித்து வையுங்கள். குடிக்கவும் கை கழுவவும் தனியாக 100 லிட்டர் வேண்டும். பருப்பை ஒரு மணி நேரம் ஊறவைத்து, மஞ்சள்தூளும் இரண்டு கரண்டி எண்ணெயும் விட்டு முதலில் வேகவிடுங்கள். பிறகு அரிசியும் காயும். பருப்பும் அரிசியும் குழைந்த பின்பே புளிக்கரைசல். முந்தி ஊற்றினால் பருப்பு விறைத்துக்கொள்ளும். உப்பை 400 கிராமில் தொடங்கி, ருசி பார்த்துக் கூட்டுங்கள். இறக்கும்போது கஞ்சி மாதிரித் தளர இருக்க வேண்டும், அரை மணியில் இறுகிவிடும். மேலும் 5 லிட்டர் சுடுதண்ணீர் பக்கத்திலேயே இருக்கட்டும்.

ஆடியில் காற்று பேய்த்தனமாக வீசும். அடுப்பைச் சுற்றித் தகரம் நிறுத்தாவிட்டால் தீ ஒரு பக்கமாகச் சாய்ந்து, அண்டா அங்கே மட்டும் அடிப்பிடிக்கும். அடிப்பிடித்தால் சுரண்டாதீர்கள், மேல் சோற்றை வேறு அண்டாவுக்கு மாற்றுங்கள். சோற்றில் மணல் விழாமலிருக்க, மூடியைப் பாதி திறந்தே பரிமாற வேண்டும். மந்தாரை இலை பறக்கும். பாக்குமட்டைத் தட்டு நிற்கும். பனையோலைப் பட்டை கிடைத்தால் இன்னும் நல்லது. ஒருமுறை பயன்படுத்தி வீசும் பிளாஸ்டிக்குக்கு 2019 முதல் தமிழகத்தில் தடை இருக்கிறது. பொட்டலமாகவும் கட்டாதீர்கள், சூட்டோடு கட்டியது வேர்த்துப் புளித்துவிடும். உள்ளாட்சியிலும் உணவுப் பாதுகாப்புத் துறையிலும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

முதல் பிடி காக்கைக்கு. பிறகு முதியோர், குழந்தைகள், வாசலில் யாசகத்துக்கு உட்கார்ந்திருப்பவர்கள். அவர்களைக் கடைசிக்குத் தள்ளக் கூடாது. தைத்திரீய உபநிடதத்தின் பிருகு வல்லி என்ற பகுதி, தங்க வந்த எவரையும் திருப்பி அனுப்பாதே என்பதோடு, எவ்வளவு மதிப்போடு அன்னம் கொடுக்கிறாயோ அவ்வாறே அது உனக்குத் திரும்பும் என்கிறது. புண்ணியக் கணக்கு இதில்தான் இருக்கிறது. ஊர், சாதி கேட்காதீர்கள். சாப்பிடுகிற முகத்துக்கு நேரே போனைப் பிடித்துப் படமெடுக்காதீர்கள். இரண்டாம் முறை கேட்பதற்குள் கரண்டி போயிருக்க வேண்டும். தர்ப்பணம் கொடுத்த நாளில் பிறர் சமைத்ததை உண்ணாத நியமம் உள்ளவர்களும் வருவார்கள். அவர்களை வற்புறுத்தாமல் இரண்டு வாழைப்பழம் கொடுத்தால் மகிழ்ச்சியோடு வாங்கிக்கொள்வார்கள்.

சமைத்து 4 மணி நேரம் தாண்டிய சோற்றை யாருக்கும் கொடுக்கக் கூடாது. கரையைக் கூட்டும் துப்புரவுப் பணியாளர்களுக்கு 10 பேர் சோற்றைப் பரிமாறத் தொடங்குமுன்பே ஹாட்பாக்ஸில் எடுத்து மூடிவிடுங்கள். அவர்கள் வேலை முடிந்து வரும்போது அண்டா காலியாகியிருக்கும்.