தமிழ் கோப்பு உடைந்து தெரிந்தால் முதலில் சேமிக்காதீர்கள்

தமிழ்ப் பெயர்கள் உள்ள சிஎஸ்வி கோப்பை (காற்புள்ளியால் பிரித்த அட்டவணை) எக்செலில் இரட்டைக் கிளிக் செய்கிறீர்கள், தலையில் சாய்கோடு போட்ட சின்ன ஆங்கில 'ஏ', பக்கத்தில் வட்டத்துக்குள் 'ஆர்' என்று வரிசையாகக் கொட்டுகிறது. கைப்பழக்கத்தில் கன்ட்ரோல் எஸ் போட்டுவிடாதீர்கள். இதுவரை கோப்புக்கு ஒன்றும் ஆகவில்லை, எக்செல்தான் தப்பாகப் படித்திருக்கிறது.

அந்த ஏ-ஆர் ஜோடி நல்ல துப்பு. யூடிஎஃப்-8 என்பது எழுத்துகளைப் பைட்டுகளாக, அதாவது கணினி சேமிக்கும் எண்களாக, எழுதும் முறை (என்கோடிங்). அதில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட். ஹெக்ஸ் எண்ணாக எழுதினால் முதல் பைட் எப்போதும் இ0, இரண்டாவது ஏஇ அல்லது ஏஎஃப். இதையே விண்டோஸ்-1252 (மேற்கு ஐரோப்பிய எழுத்துகளுக்கான பழைய என்கோடிங்) என்று நினைத்துப் படித்தால் இ0 அந்தச் சாய்கோட்டு 'ஏ' ஆகிவிடும், ஏஇ வட்டத்து 'ஆர்' ஆகிவிடும். ஆக, உள்ளே இருப்பது நல்ல யூடிஎஃப்-8தான். எக்செலில் டேட்டா மெனு வழியாக 'ஃப்ரம் டெக்ஸ்ட்/சிஎஸ்வி' போய் 65001 யூனிகோடைத் தேர்ந்தெடுத்தால் வேலை முடிந்தது.

விஎஸ் கோட் என்ற எடிட்டரில் கீழே வலது மூலையில் என்கோடிங் பெயர் இருக்கும். அதைத் தட்டினால் இரண்டு வழி காட்டும்: 'ரீஓபன் வித் என்கோடிங்' பைட்டைத் தொடாமல் வேறு மாதிரி படித்துப் பார்க்கும், 'சேவ் வித் என்கோடிங்' பைட்டையே மாற்றி எழுதிவிடும். திரையில் தமிழ் சரியாகத் தெரியும்வரை இரண்டாவதன் பக்கமே போகாதீர்கள். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதுதான் பாதிச் சிக்கலுக்குக் காரணம் என்பேன்.

சரி, யாரோ ஏற்கெனவே உடைந்த கோலத்திலேயே யூடிஎஃப்-8ஆகச் சேமித்துவிட்டார்கள் என்றால்? கோப்பின் அளவு கிட்டத்தட்ட இரண்டு மடங்கு ஆகியிருக்கும். பிரதி எடுத்து, பிரதியை மட்டும் விண்டோஸ்-1252ஆகச் சேமித்து, பிறகு யூடிஎஃப்-8ஆகத் திறந்து பாருங்கள். பெரும்பகுதி திரும்பி வரும், ஆனால் புள்ளி வைத்த இடங்களில் கறுப்பு டைமண்டுக்குள் கேள்விக்குறி நிற்கலாம். புள்ளியின் கடைசி பைட் 8டி, தமிழ் எழுத்து ஏ-வுக்கு 8எஃப், ஐ-க்கு 90. விண்டோஸ்-1252இல் இந்த மூன்று இடமும் காலி, அதனால் போகும் வழியில் தொலைந்துவிடலாம். புள்ளி இல்லாத தமிழைக் கையால் திருத்துவதைவிட, அனுப்பியவரிடம் மூலக் கோப்பை மறுபடி கேட்பது எவ்வளவோ மேல்.

எல்லாமே வெறும் கேள்விக்குறியாக இருந்தால் மீட்க வழியில்லை. நோட்பேடில் ஏஎன்எஸ்ஐ என்று சேமித்தால் இப்படித்தான் ஆகும், தமிழுக்கென்று அதில் இடமே கிடையாது.

வலைப்பக்கம் என்றால் என்கோடிங்கை அறிவிக்கும் மெட்டா வரியை மட்டும் திருத்திவிட்டு ஏன் மாறவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம். சர்வர் அனுப்பும் ஹெடர் வேறு சொன்னால் உலாவி ஹெடர் பேச்சைத்தான் கேட்கும். கோப்பின் தொடக்கத்தில் பிஓஎம் (என்கோடிங்கைக் காட்டும் சில அடையாள பைட்டுகள்) இருந்தால் அது ஹெடரையும் மிஞ்சிவிடும்.

அப்புறம், பழைய கோப்புகள். அறிவிப்பு சரி, என்கோடிங்கும் சரி, ஆனால் 'தமிழ்' இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்தில் ஜே கே பி ஓ, கூடவே ஒரு அரைப்புள்ளி தெரிந்தால் அது பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துரு. எழுத்துருவுக்காகத் தட்டச்சு செய்தது, என்கோடிங்கை என்ன மாற்றினாலும் அசையாது, பாமினி-யூனிகோடு மாற்றியில்தான் போட வேண்டும். திஸ்கி என்ற பழைய தமிழ் என்கோடிங் என்றால் கொஞ்சம் சுலபம்: லினக்ஸில் ஐகான்வ் கட்டளைக்கு அந்தப் பெயர் தெரியும்.