சேலத்திலிருந்து தூத்துக்குடிக்குப் பறந்தால் எவ்வளவு நேரம்? தாளில் போடும் கணக்கு

குன்னூரில் டாக்சி ஓட்டுகிறேன். கோயம்புத்தூர் ஏர்போர்ட் சவாரி என்றால், பர்லியார் தாண்டுவதற்குள் பின் சீட்டிலிருந்து ஒரு கேள்வி வந்துவிடும்: "அண்ணா, சேலத்துலேருந்து தூத்துக்குடிக்கு ஃபிளைட்ல போனா எவ்வளவு நேரம் ஆகும்?" நேரடி விமானம் உண்டா இல்லையா என்பது வேறு விஷயம். தூரத்தையும் நேரத்தையும் நாமே போட்டுப் பார்த்துவிடலாம்.

செல்போனில் கூகுள் மேப்பைத் திறந்து, ஓடுதளத்தின் மேல் விரலை அழுத்திப் பிடியுங்கள். இரண்டு எண்கள் வரும். முதலாவது அட்சரேகை, அடுத்தது தீர்க்கரேகை. சேலம் (காமலாபுரம்) 11.78, 78.06. தூத்துக்குடி (வாகைக்குளம்) 8.72, 78.03. தீர்க்கரேகை கிட்டத்தட்ட ஒன்றுதான், அதாவது நேர் தெற்கே பறக்க வேண்டும். அட்சரேகையில் ஒரு டிகிரிக்கு 111 கி.மீ. வித்தியாசம் 3.06. பெருக்கினால் 340 கி.மீ. வேலை முடிந்தது.

எல்லா ஊரும் இப்படி நேராக வாய்க்காது. மைசூரை எடுங்கள்: 12.23, 76.65. சேலத்தோடு அட்சரேகை வித்தியாசம் 0.45, அது 50 கி.மீ. தீர்க்கரேகை வித்தியாசம் 1.41. இதை 111-ஆல் பெருக்கக் கூடாது. துருவத்தை நோக்கிப் போகப் போகத் தீர்க்கரேகைகள் நெருங்கி வருவதால் நம் பக்கத்தில் ஒரு டிகிரிக்கு 109 கி.மீ.தான். ஆக 154. இனி, எதற்கடா இது என்று திட்டிக்கொண்டே படித்த பிதாகரஸ்: 50-ன் வர்க்கம், 154-ன் வர்க்கம், கூட்டி வர்க்கமூலம். 162 கி.மீ. வரும். டில்லி மாதிரி தொலைவான ஊருக்கு இந்தக் கணக்கு சரிப்படாது, பூமியின் வளைவு குறுக்கே வந்துவிடும்.

அப்புறம் நேரம். சின்ன ஏர்போர்ட்டுகளில் அதிகம் இறங்குவது இறக்கையில் விசிறி சுற்றும் ஏடிஆர் 72. மணிக்கு 500 கி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். 340 கி.மீ.க்கு 41 நிமிடம். அதோடு 25 முதல் 30 நிமிடம் கட்டாயம் சேருங்கள்: ஓடுதளம் வரை ஊர்வது, மேலே ஏறுவது, காற்றுக்கு எதிராக இறங்கச் சுற்றி வருவது எல்லாம் அதில் அடக்கம். டிக்கெட்டில் போடும் நேரமும் நின்ற இடத்திலிருந்து நகர்ந்து, மறுபடி போய் நிற்கும் வரைக்குமானது. ஆக ஒன்றேகால் மணிக்குள். மைசூர்–சேலம் என்றால் முக்கால் மணி, ஐம்பது நிமிடம். இவ்வளவு குட்டித் தூரத்துக்கு ஜெட் வந்தாலும் பெரிய லாபமில்லை; முழு வேகம் எடுப்பதற்குள் இறங்க ஆரம்பித்துவிடும்.

எங்கள் மலைக்காரர்களுக்கு உண்மையான பயணம் தரையில்தான். குன்னூரிலிருந்து கோயம்புத்தூர் ஏர்போர்ட் நேர்க்கோட்டில் 44 கி.மீ. ரோட்டில் 70-க்கு மேல், இரண்டரை மணி நேரம். மைசூர் போகிறவர்கள் இதையும் கவனிக்க வேண்டும்: பந்திப்பூர் காட்டு வழியில் இரவு 9 முதல் காலை 6 வரை வண்டி விட மாட்டார்கள். அதனால் அங்கே காலை 9 மணிக்கு முந்தைய விமானத்தை பதிவு செய்தால், முந்தின இரவே போய்த் தங்கிவிடுங்கள்.

கோயம்புத்தூரில் காலை 10 மணி விமானமா? 9-க்குள் செக்-இன் முடிய வேண்டும். மலை இறங்க இரண்டரை மணி. ஐப்பசி, கார்த்திகையில் குன்னூர் ரோட்டில் மண் சரிந்தால் கோத்தகிரி சுற்றிப் போக இன்னொரு மணி. நான் 5 மணிக்கே வாசலில் ஹாரன் அடிப்பேன்.