கம்பியின் மின்தடையை அளக்கும்போது முதலில் முனைகளைப் பாருங்கள்

பள்ளி ஆய்வகத்தில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தேன். பிள்ளைகளுக்குச் சாமான் எடுத்துக் கொடுப்பது, திரும்ப எண்ணி வாங்கி வைப்பது, பழுதானதைச் சரி செய்வது, இதெல்லாம் என் பொறுப்பு. கம்பியின் மின்தடை எதைப் பொறுத்தது என்ற சோதனை வருடா வருடம் வரும். கணக்கு உதைக்கும்போதெல்லாம் பிள்ளைகள் கம்பியைக் குறை சொல்வார்கள். நான் போய்ப் பார்த்தால் பெரும்பாலும் கிளிப் மாட்டிய முனையில்தான் கோளாறு இருக்கும்.

போன மாதம் எங்கள் புளோக்கில் பக்கத்து வீட்டுப் பெண் நோட்டுப் புத்தகத்தோடு வந்தாள். உயர்நிலை மூன்றில் படிக்கிறாள். "ஆன்ட்டி, நீளம் ரெண்டு மடங்கானா தடையும் ரெண்டு மடங்கு ஆகணும்தானே? எனக்கு வரமாட்டேங்குது" என்றாள். 32 கேஜ் கான்ஸ்டன்டன் கம்பி. கேஜ் என்பது கம்பியின் தடிமனைச் சொல்லும் எண், கான்ஸ்டன்டன் என்பது தாமிரமும் நிக்கலும் கலந்த உலோகம். 10 செ.மீ.க்கு 1.2 ஓம், 20க்கு 2.1, 50க்கு 4.6, ஒரு மீட்டருக்கு 8.7 என்று எழுதியிருந்தாள். மல்டிமீட்டரின் இரண்டு ஊசிகளையும் ஒன்றோடொன்று அழுத்திப் பிடிக்கச் சொன்னேன். நடுவில் கம்பியே இல்லை, ஆனாலும் மீட்டர் 0.4 காட்டியது. அது மீட்டரின் ஒயர்களும் தொடும் இடமும் சேர்ந்த தடை. எல்லா அளவிலிருந்தும் 0.4ஐக் கழித்தோம். 0.8, 1.7, 4.2, 8.3. அவள் முகம் மலர்ந்துவிட்டது. ஆகவே, எதை அளப்பதற்கு முன்பும் ஊசிகளைச் சேர்த்துப் பிடித்து வரும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். குட்டையான கம்பியில் இது மிக முக்கியம்.

சாமான் அதிகம் தேவையில்லை. மல்டிமீட்டர், முதலைவாய் கிளிப், தாமிரச் சுருள் கம்பி எல்லாம் சிங்கப்பூரில் ஜாலான் புசாரில் இருக்கும் சிம் லிம் டவருக்குப் போனால் கிடைக்கும். கான்ஸ்டன்டனும், நிக்கலும் குரோமியமும் கலந்த நிக்ரோமும் பள்ளியில் கேட்டு ஆளுக்கு ஒரு மீட்டர் வாங்கிக்கொள்ளலாம். சுவரில் இருக்கும் 230 வோல்ட் பிளக் பக்கம் மட்டும் போகவே கூடாது. இந்தச் சோதனைக்கு மீட்டருக்குள் இருக்கும் பேட்டரியே போதும்.

கம்பியை மீட்டர் கோலின் மேல் நீட்டி, இரண்டு ஓரத்திலும் டேப் ஒட்டுங்கள். சுருளோ மடிப்போ இருக்கக் கூடாது. மேலுறை இல்லாத கம்பி தன்னைத் தானே தொட்டால் மின்னோட்டம் குறுக்கு வழியில் போய்விடும். ஒரு கிளிப்பை 0 செ.மீ.யில் அசையாமல் வைத்து, மற்றொன்றை 10 செ.மீ. 10 செ.மீ.யாக நகர்த்துங்கள். கிளிப்பின் வாயை ஒரு முறை உற்றுப் பாருங்கள். பல்லுக்கு இடையில் கறுப்பாகப் படிந்திருக்கும். மணல்தாளால் ஒரு தேய்ப்புத் தேய்த்துவிட்டு மாட்டினால் மீட்டரில் எண் ஆடாமல் நிற்கும். அப்புறம், நீளம் என்பது கிளிப்பின் உள் ஓரத்திலிருந்து உள் ஓரம் வரை. கிளிப்பின் நடுவிலிருந்து அல்ல.

அடுத்தது தடிமன். மைக்ரோமீட்டர் இல்லாவிட்டால் கம்பியைப் பென்சிலில் நெருக்கமாக 40 சுற்று சுற்றி, அந்த அகலத்தை அளந்து 40ஆல் வகுங்கள். 32 கேஜ் கம்பி 11 மி.மீ. அளவுக்கு வரும், அதாவது ஒரு சுற்று சுமார் 0.27 மி.மீ. கேஜ் எண் ஏற ஏற கம்பி மெலியும், இதில் பிள்ளைகள் அடிக்கடி குழம்புவார்கள். 28 கேஜ் 0.38 மி.மீ. இருக்கும். அதே கான்ஸ்டன்டனில் அது மீட்டருக்கு 4.4 ஓம்தான் காட்டும். விட்டம் ஒன்றரை மடங்குகூட ஏறவில்லை, தடையோ பாதிக்குக் கிட்டே இறங்கிவிட்டது. குறுக்குவெட்டுப் பரப்பு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் இப்படி. வேறு கேஜ் கிடைக்கவில்லையா? ஒரே கம்பியில் சம நீளமாக இரண்டு துண்டு வெட்டி, பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே கிளிப்பில் பிடியுங்கள். பரப்பு இரட்டிப்பாகும், தடை பாதியாகும். எனக்கு ரொம்பப் பிடித்த வழி இது.

உலோகத்தை மாற்றிப் பார்ப்பது சுலபம். அதே 32 கேஜில் நிக்ரோம் மீட்டருக்கு 18 ஓமுக்கு மேல் காட்டும். தாமிரம் 0.3தான், ஊசிகளின் தடையைவிடக் குறைவு, சாதாரண மீட்டரில் நம்பி அளக்க முடியாது. தாமிரத்துக்கு 20 மீட்டர் சுருள் வேண்டும்.

அந்தச் சுருளை வைத்துக்கொண்டுதான் வெப்பநிலையைப் பார்க்க வேண்டும். தாமிரச் சுருள் கம்பியின் மேல் பளபளவென்று ஒரு பூச்சு இருக்கும். கண்ணுக்கு வெறும் கம்பி போலவே தெரியும், ஆனால் மின்சாரத்தை விடாது. இரண்டு முனைகளிலும் இரண்டு செ.மீ. அளவுக்கு, பளபளப்பு மாறி இளஞ்சிவப்பு தெரியும்வரை மணல்தாளால் தேய்க்க வேண்டும். அதைச் செய்யாமல் 'மீட்டர் கெட்டுவிட்டது' என்று என்னிடம் கொண்டுவந்த பிள்ளைகளுக்குக் கணக்கில்லை.

சுருளைப் பிளாஸ்டிக் குவளையில் போட்டு, முனைகளை வெளியே விட்டு, முதலில் ஐஸ் தண்ணீர் ஊற்றுங்கள். என் சமையலறையில் ஊசிகளின் தடையைக் கழித்த பிறகு 5.4 ஓம் வந்தது. ஐஸ் இல்லாமல், நம் ஊர் 30 டிகிரி அறை வெப்பத்தில் 6.1. வெந்நீர் ஊற்றியதும் 80 டிகிரியில் 7.2. தாமிரத்தின் தடை ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 0.4 சதவீதம் ஏறும். கான்ஸ்டன்டன் அப்படி அசையாது. அதனால்தான் நீளத்தையும் தடிமனையும் பார்க்க அதைக் கொடுக்கிறார்கள்.

பள்ளியில் அம்மீட்டரும் வோல்ட்மீட்டரும் வைத்துச் செய்தால் இதே வெப்பம் வேறு வழியாக உள்ளே வரும், ஓடும் மின்னோட்டமே கம்பியைச் சூடாக்கிவிடும். 5 செ.மீ. கம்பியை நேரடியாகப் பவர் சப்ளையில் மாட்டி, ஒட்டிய டேப் உருகிய நாற்றம் ஆய்வகம் முழுக்க அடித்த நாள் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. 1.5 வோல்ட் பேட்டரி ஒன்று போதும். தொடரில் 10 ஓம் மின்தடையம் ஒன்றைச் சேர்த்து, எண்ணைப் படிக்கும் நேரம் மட்டும் ஸ்விட்சைப் போடுங்கள். ஓம் என்ற பெயருக்கு உரிய கியோர்க் ஓமுக்கே பேட்டரியின் மின்னழுத்தம் நிலையாக நிற்காதது பெரிய தொல்லை. தாமிரமும் பிஸ்மத்தும் சேர்ந்த, இரு பக்கத்து வெப்ப வித்தியாசத்தால் மின்னழுத்தம் தரும் வெப்ப இணைப்பின் ஒரு பக்கத்தைக் கொதிநீரிலும் மறுபக்கத்தைப் பனிக்கட்டியிலும் வைத்து அவர் அதைத் தீர்த்தார். தன் விதியை 1827இல் புத்தகமாக வெளியிட்டார்.

கடைசியில் நீளத்தைக் கீழ் அச்சிலும் தடையைப் பக்கவாட்டிலும் வைத்து, எதையும் கழிக்காத எண்களை வைத்தே வரைபடம் போடுங்கள். கோடு நேராக வரும், ஆனால் பூச்சியத்தில் தொடங்காது. அந்தப் பெண்ணின் கோடு பக்கவாட்டு அச்சை வெட்டிய இடத்தை ரூலர் வைத்துப் படித்தோம். 0.4.