மேக உணரி செய்கிறீர்களா? கண்ணாடியை நம்பாதீர்கள்

தொலைநோக்கிக்கு மேலே மேகம் வருகிறதா என்று வானத்தின் வெப்பத்தை அளந்து சொல்லும் என் முதல் பெட்டியில், சென்சாருக்கு மேலே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒட்டினேன், மழை இறங்காமலிருக்க. நட்சத்திரங்கள் கொட்டிக் கிடந்த இரவிலும் அது "மேகம்" என்றே அடம்பிடித்தது. அதிலிருந்த எம்எல்எக்ஸ்90614 என்ற, தொடாமலே வெப்பம் அளக்கும் சென்சார் பார்ப்பது 5.5 முதல் 14 மைக்ரான் வரையிலான அகச்சிவப்பை. நம் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் கண்ணாடி அதற்குச் சுவர் மாதிரி. வானத்தை விட்டுவிட்டு கண்ணாடியின் சூட்டையே அளந்துகொண்டிருந்திருக்கிறது! அக்ரிலிக்கும் அப்படித்தான். மெல்லிய பாலிதீன் தாள் பரவாயில்லை; வெயிலில் நைந்துபோகும், அவ்வப்போது மாற்ற வேண்டும். எதைப் போட்டாலும் வெந்நீர்ப் பாத்திரத்தை ஒரு சாண் தள்ளிக் காட்டிப் பாருங்கள். அளவு சட்டென்று ஏறாவிட்டால் அந்த மூடி உதவாது.

மூடியில் பனி படிந்தாலும் "மேகம்" என்றுதான் காட்டும். ஒரு இரவு வீணாகும், அவ்வளவுதான். இன்னொரு தவறு தொலைநோக்கியையே நனைத்துவிடும். மேகத்தைக் கண்டுபிடிப்பது வானத்துக்கும் காற்றுக்கும் உள்ள வெப்ப வித்தியாசத்தை வைத்து: தெளிந்த வானம் காற்றைவிட நன்றாகக் குளிர்ந்திருக்கும், மேகம் வந்தால் வித்தியாசம் சுருங்கும். சென்சார் தன் உடல் வெப்பத்தையும் தருகிறதே என்று பலர் அதையே காற்றின் வெப்பமாக எடுத்துக்கொள்கிறார்கள். பக்கத்தில் வைஃபை போர்டு சுட்டுக்கொண்டிருந்தால் வித்தியாசம் பொய்யாக ஊதிப்போய், மேகத்துக்கு அடியிலும் "தெளிவு" என்று காட்டும். டிஎஸ்18பி20 என்ற சின்ன வெப்பமானி ஒன்றைப் பெட்டிக்கு வெளியே காற்றோட்டமான இடத்தில் தொங்கவிடுங்கள்.

எம்எல்எக்ஸ் சென்சாரின் சாதாரண வகைக்குப் பார்வைக் கோணம் 90 டிகிரி. ஓரத்தில் சுவரோ மரமோ இருந்தால் அதன் சூடும் கணக்கில் சேரும். நேர் உச்சியைப் பார்த்து வையுங்கள்.

எத்தனை டிகிரி வித்தியாசம் இருந்தால் தெளிவு? இந்த எண்ணை யாரிடமிருந்தும் கடன் வாங்காதீர்கள். காற்றில் ஈரம் கூடினால் மேகமே இல்லாத வானமும் சூடாகத் தெரியும். சில வாரம் அளவுகளைப் பதிந்து, பக்கத்திலேயே கண்ணால் பார்த்ததையும் எழுதிவைத்து, பிறகு கோடு போடுங்கள். உயரத்தில் மிதக்கும் மெல்லிய கீற்று மேகம் அப்போதும் தப்பிவிடும். அதற்கு இந்தக் கருவியைக் குறைசொல்லிப் பயனில்லை.

தொலைநோக்கியின் கூரையை மோட்டாரால் மூடுபவர்கள் மழை உணரியைத் தனியாக வைத்தே ஆக வேண்டும். சென்சாரிலிருந்து போர்டுக்குத் தகவல் கொண்டுபோகும் ஐ2சி கம்பி நீண்டுவிட்டால் தகவல் நடுவில் அறுந்துபோகலாம். அப்போது கடைசியாக வந்த "தெளிவு" திரையில் அப்படியே நின்றுவிடும். ஒரு நிமிடம் புது அளவு வரவில்லையா, கூரை மூடிக்கொள்ளட்டும்.