பைத்தான் டிக்ஷனரியின் கீகளை அகர வரிசையில் அடுக்குவது எப்படி?

ஒரு உரையில் எந்தச் சொல் எத்தனை முறை வருகிறது என்று எண்ணி, டிக்ஷனரியில் வைத்திருக்கிறோம். சொல்தான் கீ, எண்ணிக்கை அதன் மதிப்பு.

சொற்கள் = {"மரம்": 4, "கடல்": 9, "மனம்": 2, "அலை": 6}

பைத்தான் 3-இல் மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம். ஆனால் சார்ட்டெட், பிரிண்ட் போன்ற பைத்தானின் சொந்தச் சொற்களை இங்கே ஒலிப்படி எழுதியிருக்கிறேன். எடிட்டரில் அவற்றை ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும்.

படி 1: சார்ட்டெட்

பிரிண்ட்(சார்ட்டெட்(சொற்கள்))

['அலை', 'கடல்', 'மனம்', 'மரம்']

டிக்ஷனரியை அப்படியே கொடுத்தால் போதும், கீகளை மட்டும் எடுத்து அடுக்கிய ஒரு புதிய லிஸ்ட் கிடைக்கும். மூல டிக்ஷனரி மாறாது. தலைகீழாக வேண்டுமென்றால் ரிவர்ஸ்=ட்ரூ என்று சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரே டிக்ஷனரியில் சில கீகள் எண்ணாகவும் சில சொல்லாகவும் இருந்தால் டைப்எரர் என்ற பிழை வரும், இரண்டையும் ஒப்பிட பைத்தானுக்கு வழி இல்லை.

படி 2: தமிழ் முறைக்குக் கொண்டுவருவது

மேலே உள்ள விடையை இன்னொரு முறை பாருங்கள். தமிழ் அகராதியில் 'மரம்' முதலில், 'மனம்' பிறகு. இங்கே மாறி வந்திருக்கிறது. காரணம், பைத்தான் ஒப்பிடுவது யூனிகோட் எண்களை, அதாவது கணினியில் ஒவ்வொரு எழுத்துக்கும் தரப்பட்டிருக்கும் எண்களை. 'ன'வின் எண் 2985, 'ர'வின் எண் 2992. நம் நெடுங்கணக்கில் கடைசியாக வரும் 'ன', யூனிகோடில் 'ந'வுக்கு அடுத்தே உட்கார்ந்திருக்கிறது. தமிழ்ப் பட்டியல் தயாரிக்கும் யாரும் இதைக் கவனிக்காமல் விடக் கூடாது.

சரி, நம் முறையை நாமே சொல்லிக் கொடுப்போம்:

முறை = "கஙசஞடணதநபமயரலவழளறன"

டெஃப் இடங்கள்(சொல்):
    ரிட்டர்ன் [முறை.ஃபைண்ட்(எ) ஃபார் எ இன் சொல்]

பிரிண்ட்(சார்ட்டெட்(சொற்கள், கீ=இடங்கள்))

['அலை', 'கடல்', 'மரம்', 'மனம்']

ஒவ்வொரு எழுத்தும் 'முறை'யில் எத்தனையாவது இடம் என்பதை, 0-இலிருந்து எண்ணி, ஃபைண்ட் தருகிறது: 'ர'வுக்கு 11, 'ன'வுக்கு 17. பட்டியலில் இல்லாததற்கு -1. புள்ளிக்கும் -1 கிடைப்பதால் 'அக்கா', 'அகம்' இரண்டும் சரியாகவே அமையும். ஆனால் உயிரெழுத்துகளும் கால், கொம்பு போன்ற குறிகளும் -1 தான் பெறுகின்றன, ஆகவே 'கால்', 'கோல்' இரண்டும் அதற்கு ஒன்றே. உயிர்களை 'முறை'யின் தொடக்கத்திலும், குறிகளைக் கடைசியிலும் அதனதன் வரிசையில் சேர்த்துவிட்டால் இது தீரும்.

படி 3: அடுக்கிய டிக்ஷனரி

புதியது = {சொல்: சொற்கள்[சொல்] ஃபார் சொல் இன் சார்ட்டெட்(சொற்கள், கீ=இடங்கள்)}

பைத்தான் 3.7 முதல், சேர்த்த வரிசையை டிக்ஷனரி மாறாமல் காக்கும். அதற்கு அர்த்தம், அப்புறம் சேர்க்கும் 'ஆறு' என்ற சொல் கடைசியில் போய்த்தான் நிற்கும். ஆகவே சொற்கள் கூடிக்கொண்டே இருக்கும் நிரலில் படி 3-ஐ விட்டுவிட்டு, அச்சிடும் நேரத்தில் சார்ட்டெட்டைக் கூப்பிடுங்கள்.